அடிக்கடி நின்றுபோகும் பழைய மேசைக் கணினி: பாகம் மாற்றுவதா, பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

பத்து ஆண்டுகளைக் கடந்த ஒரு மேசைக் கணினி எப்போதாவது ஒருமுறை நின்றுபோனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்குள் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் வேறொரு கோளாறைக் காட்டி நின்றுபோனால், அதன் உரிமையாளர் ஏதேனும் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். கடைக்காரர் சந்தேகப்படும் பாகத்தை மாற்றிப் பார்க்கலாம். மதர்போர்டை, அதாவது எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகையை, அதிலுள்ள சிறு உறுப்புகளை மாற்றிப் பழுதுபார்க்கும் சிப் லெவல் சர்வீசுக்குக் கொடுக்கலாம். பழைய சந்தையில் அதே வகைப் பலகை ஒன்றைத் தேடலாம். அலுவலகங்களிலிருந்து வெளியேறி, சீர்செய்து மறுபடி விற்கப்படும் ரீஃபர்பிஷ்டு கணினியை வாங்கலாம். எல்லாவற்றையும் விட்டுப் புதிதாகவே வாங்கலாம். பலரும் இவற்றை விலையால் மட்டுமே ஒப்பிடுகிறார்கள். பழுதின் வேர் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று தெரியாதவரை அந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை என்பதும், தெரிந்தபின் அடுத்த கணினிக்கும் எடுத்துச் செல்லக்கூடிய பாகத்துக்கு மட்டுமே பணம் போட வேண்டும் என்பதும் என் அனுபவத்தில் நான் வந்தடைந்த நிலைப்பாடு.

நான் மெய்ப்புத் திருத்தும் கணினி 2014-இல் அசெம்பிள் செய்யப்பட்டது. இன்டெலின் நான்காம் தலைமுறை ஐ-3 ப்ராசசர், எச்-81 சிப்செட் உள்ள மதர்போர்டு, 4 ஜி.பி. வீதம் இரண்டு டி.டி.ஆர்.-3 ராம், 1 டி.பி. ஹார்டு டிஸ்க், கேபினெட்டோடு சேர்த்தே கொடுக்கப்பட்ட, 450 வாட்ஸ் என்று ஒட்டுத்தாள் ஒட்டிய எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) என, அந்தக் காலத்தில் நடுத்தர வீடுகளில் வாங்கிய வழக்கமான அமைப்பு அது. முதலில், விண்டோஸ் முறிந்ததைக் காட்டும் நீலத்திரை வந்தது. கடையில் ஒரு ராமை மாற்றினார்கள். இரண்டு மாதம் கழித்துக் கோப்புகள் திறக்காமல் போயின. ஹார்டு டிஸ்கை மாற்றி விண்டோஸை மறுபடி ஏற்றினார்கள். அதன்பின் மார்கழிக் காலைகளில் பட்டனை மூன்று நான்கு முறை அழுத்தினால்தான் கணினி உயிர்பெறும் என்ற நிலை வந்தபோது, "மதர்போர்டு போய்விட்டது" என்று சொன்னார்கள். மூன்று வருகை, மூன்று தீர்ப்பு. இரண்டு பாகங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு மூன்றாவதுக்கும் கொடுக்கும் முன்புதான், இவை மூன்றும் ஒரே நோயின் குறிகளாக இருக்கக்கூடுமோ என்று எனக்குத் தோன்றியது.

ஊகித்து மாற்றும் வழி

இந்த வழியை நான் கடைசியாகக் கண்டிக்காமல் முதலிலேயே எடுத்துக்கொள்வதற்குக் காரணம், பெரும்பாலானோர் அறியாமலேயே இதில்தான் நடக்கிறார்கள் என்பதே. இது வேலை செய்வதுபோல் தோன்றவும் செய்யும். ராமைக் கழற்றி மாட்டும்போதே அதன் பொன்முலாம் பூசிய விளிம்பிலும் ஸ்லாட்டிலும் படிந்திருந்த அழுக்கு உரசிப் போய்விடுகிறது. புதிய ராமால் சரியானது என்று நாம் நினைப்பது பல நேரம் அந்த உரசலால் சரியானதாகவே இருக்கும். அதைவிட முக்கியமானது, விட்டு விட்டு வரும் பழுதின் இயல்பு. சராசரியாகப் பத்து நாளுக்கு ஒருமுறை, எந்த ஒழுங்கும் இல்லாமல் வரும் ஒரு பழுது, யாரும் எதையும் சரிசெய்யாத நிலையிலும் அடுத்த பத்து நாள் தலைகாட்டாமல் இருக்க மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான வாய்ப்பு உண்டு. முப்பது நாள் தலைகாட்டாமல் இருக்கும் வாய்ப்போ இருபதில் ஒன்றுதான். ஆகவே பாகத்தை மாற்றியபின் ஒரு வாரம் கணினி ஒழுங்காக ஓடியதை வைத்துப் பழுது தீர்ந்தது என்று சொல்ல இயலாது. வழக்கமான இடைவெளியைப்போல் மூன்று மடங்கு நாள் பொறுத்துப் பார்த்த பிறகே அப்படிச் சொல்ல ஓரளவு உரிமை உண்டு. கடையில் ஒரு மாலை முழுதும் ஓடவிட்டுப் பார்த்துத் திருப்பித் தருவதில் கடைக்காரரின் நேர்மைக்குக் குறைவில்லை. அந்தச் சோதனைக்குத்தான் பழுதைப் பிடிக்கும் வலு இல்லை.

மைக்ரோசாஃப்டின் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஏறத்தாழ 10 லட்சம் தனியாள் கணினிகளிலிருந்து வந்த பதிவுகளைப் பார்த்தது. வன்பொருள் கோளாறால் ஒருமுறை முறிந்த கணினி மறுமுறை முறிவதற்கான வாய்ப்பு, அதுவரை முறியாத கணினியோடு ஒப்பிட்டால் நூறு மடங்குவரை கூடுகிறது என்பது அதன் முக்கியமான முடிவுகளில் ஒன்று. மீண்டும் மீண்டும் வரும் கோளாறைத் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்க்கவில்லை. வேர் அப்படியே இருப்பதால் பழுது திரும்புகிறது.

சோதித்து அறியும் வழி

இதற்குத் தேவை பொறுமையும், ஒரு பென் டிரைவும், ஒரு சாதாரண மல்டிமீட்டரும், நண்பர் ஒருவரிடமிருந்து சில வாரங்களுக்கு இரவலாகக் கிடைக்கும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மட்டுமே. ஆனால் எந்தச் சோதனைக்கும் முன்னால், ஹார்டு டிஸ்கில் உள்ளவற்றை வேறோர் இடத்தில் நகலெடுத்தாக வேண்டும். நோயுற்ற டிஸ்கை மணிக்கணக்கில் சோதனைக்கு உட்படுத்துவதே அதன் கடைசி ஓட்டமாக அமைந்துவிடலாம். பாகங்கள் எல்லாம் கடையில் கிடைக்கும். ஏழாண்டு காலத் திருத்தப்படிகள் கிடைக்கா.

அடுத்து ஒரு நோட்டுப் புத்தகம். கணினி நின்ற நாள், நேரம், அப்போது ஓடிக்கொண்டிருந்த வேலை, திரையில் கண்ட எண், வீட்டில் அந்த நேரத்தில் ஓடிய தண்ணீர் மோட்டார், குளிர்சாதனம், மின்தடை ஆகிய எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். என் நோட்டில் ஒன்பது பதிவுகள் சேர்ந்தபோது, அவற்றில் ஐந்து மின்சாரம் போய் இன்வெர்ட்டருக்கு மாறிய கணத்தில் நிகழ்ந்தவை என்பது தெரிந்தது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டிலும் பார்க்கலாம். ஆனால் அங்கே பலரும் கண்டு அஞ்சும் 41 என்ற எண், கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பதை மட்டுமே சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. நீலத்திரையில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் ராமையும் மின்வழங்கலையும் சந்தேகிக்க வேண்டும். ஒரே எண், ஒரே கோப்பின் பெயருடன் வந்தால் மென்பொருள் காரணமாக இருக்கலாம். பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி இரண்டு நாள் வேலை செய்து பார்த்தால் இந்த ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும், ஏனெனில் விண்டோஸும் அதன் டிரைவர்களும் அப்போது ஆட்டத்திலேயே இல்லை.

மின்வழங்கலைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். ராம், டிஸ்க், மதர்போர்டு, ப்ராசசர் எல்லாமே எஸ்.எம்.பி.எஸ். தருவதைத்தான் உண்கின்றன, அது தடுமாறினால் தடுமாற்றம் எந்தப் பாகத்தின் முகத்திலும் தெரியலாம். அதனுள்ளே இருக்கும் மின்பகு கெப்பாசிட்டர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் உறுப்புகள்) காலத்தால் உலரும் பொருள்கள். 105 டிகிரி வெப்பத்தில் 2,000 மணி நேரம் என்று மதிப்பிடப்பட்ட கெப்பாசிட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் இரு மடங்காகும் என்பது இத்துறையில் எல்லாரும் கையாளும் கணக்கு. அது 65 டிகிரியில் இயங்கினால் 32,000 மணி நேரம் தாங்கும்; நாளுக்கு 8 மணி நேரம் என்றால் ஏறத்தாழ 11 ஆண்டுகள். தூசி அடைத்த ஃபேனும் சித்திரை வெயிலும் சேர்ந்து அதே இடத்தை 75 டிகிரிக்கு உயர்த்தினால் ஆயுள் ஐந்தரை ஆண்டாகிவிடும். மேலும், கணினியை மூடிய பிறகும் சுவர் சுவிட்சை அணைக்காமல் விட்டால், பட்டனை அழுத்துவதை எதிர்பார்த்து எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஒரு சிறு பகுதி, ஊதாக் கம்பி வழியாக 5 வோல்ட் தந்தபடி நாள் முழுதும் விழித்திருக்கிறது. அந்தப் பகுதியின் கெப்பாசிட்டர்களுக்கு ஒரு நாள் என்பது 24 மணி நேரம்தான். காலைக் குளிரில் பட்டனுக்கு அசையாத கணினி, நாலைந்து முயற்சிக்குப் பின் எழுந்து, மாலையில் எந்தச் சிக்கலும் இல்லாமல் எழுவது இந்த வறட்சியின் பழகிய அடையாளம். உலர்ந்த கெப்பாசிட்டரின் உள்தடை குளிரில் கூடுகிறது, சூடேறியதும் குறைகிறது.

இன்வெர்ட்டர் மாறும் கணத்தில் கணினி மறுபடி தொடங்குவதற்கும் இதுவே காரணமாகலாம். சுவரிலிருந்து வரும் மின்சாரம் நின்றபின்னும் முழுச் சுமையில் சுமார் 16 மில்லிநொடி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது மேசைக் கணினி எஸ்.எம்.பி.எஸ்.களுக்கான வடிவமைப்பு விதி. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓர் அலையின் நீளம் 20 மில்லிநொடி. ஆக, ஓர் அலைக்கும் குறைவான நேரந்தான் அந்தச் சேமிப்பு. முதன்மைக் கெப்பாசிட்டர் உலர்ந்து கொள்ளளவு பாதியானால் அந்தச் சேமிப்பும் ஏறத்தாழ பாதியாகிவிடும்; நேற்றுவரை தாங்கிய மாற்றத்தை இன்று தாங்காது. இங்கே ஒரு குழப்பத்தையும் விலக்க வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் பின்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கும், அது யு.பி.எஸ். நிலையில் இல்லாமல் சாதாரண நிலையில் இருந்தால் மாறுவதற்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும், அப்போது நல்ல கணினியும் நின்றுபோகும். எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் குற்றம் சொல்வதற்கு முன் இந்தச் சுவிட்சைப் பார்த்துவிட வேண்டும். நான் பார்த்தேன், அது சரியான நிலையில்தான் இருந்தது.

மின்வழங்கியைச் சோதிப்பதில் மூன்று முறைகள் உள்ளன, மூன்றும் சமமானவை அல்ல. பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு கிளிப்பால் இணைத்து, ஃபேன் சுழல்வதைக் காட்டி "நன்றாக இருக்கிறது" என்று சொல்வது முதல் முறை. சுமையே இல்லாத நிலையில் அது தொடங்குகிறது என்பதற்கு மேல் இது எதையும் காட்டாது. இரண்டாவது, கணினி ஓடும்போதே மல்டிமீட்டரால் அளப்பது. மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரையும், சிவப்புக் கம்பியில் 4.75 முதல் 5.25 வரையும், ஆரஞ்சுக் கம்பியில் ஏறத்தாழ 3.14 முதல் 3.46 வரையும் இருக்கலாம். கணினி சும்மா இருக்கும்போது மட்டும் அளந்து திருப்திப்படாமல், ப்ராசசருக்கு முழு வேலை கொடுக்கும் சோதனை நிரலை ஓடவிட்டும் அளக்க வேண்டும். எனக்குச் சும்மா இருந்தபோது 12.0 காட்டிய மஞ்சள் கம்பி, சுமையில் 11.3-க்கு இறங்கியது. ஆனால் மல்டிமீட்டர் காட்டுவது சராசரியை மட்டுமே. நேர்மின்சாரத்தின் மேல் ஏறியிருக்கும் அலைவை அது காட்டாது. 12 வோல்ட் தடத்தில் 120 மில்லிவோல்ட்டுக்கும், மற்ற இரண்டில் 50 மில்லிவோல்ட்டுக்கும் மேல் அந்த அலைவு போகக்கூடாது. அதைப் பார்க்க, மின்னழுத்த அலையை வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் வேண்டும். ஆகவே, எண்கள் நன்றாக இருந்தாலும் ஐயம் தீர்ந்துவிடாது. நல்லது என்று உறுதியாகத் தெரிந்த இன்னோர் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டி, மேலே சொன்ன மூன்று மடங்கு நாள் ஓடவிடும் மூன்றாவது முறையே வீட்டில் செய்யக்கூடியவற்றில் நம்பகமானது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சில நேரம் அது அங்கேயே இருக்கும்.

ராமைப் பொறுத்தவரை, பென் டிரைவிலிருந்து நேரே தொடங்கும் மெம்டெஸ்ட்-86 போன்ற நிரலை ஓர் இரவு முழுதும் ஓடவிடுவதே முறை. ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். பிறகு ஒவ்வொரு ராமையும் தனித்தனியே ஒரே ஸ்லாட்டில் வைத்தும், நல்ல ராமை ஒவ்வொரு ஸ்லாட்டிலும் வைத்தும் பார்க்க வேண்டும். பிழை ராமோடு நகர்ந்தால் ராம், ஸ்லாட்டிலேயே தங்கினால் பலகை. கூகுளின் சர்வர்களை வைத்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், ஓராண்டில் 8 விழுக்காட்டுக்கும் அதிகமான ராம்களில் ஒரு பிழையாவது பதிவானது. வயதோடு பிழைகள் கூடுவதும் தெரிந்தது. சர்வர்களில் பிழையைத் திருத்தும் ராம் இருக்கிறது. நம் வீட்டுக் கணினியில் அது இல்லை என்பதால், தவறிய ஓர் எழுத்து தவறியபடியே கோப்பில் போய் அமர்ந்துவிடும். மெய்ப்புத் திருத்துபவனுக்கு இதைவிடக் கவலை தரும் செய்தி இருக்க முடியாது.

டிஸ்கில், அது தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவேட்டின் நான்கு எண்கள் போதும். 5, 197, 198 ஆகிய வரிசைகளில் கணக்கு ஏறிக்கொண்டிருந்தால் தட்டே கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். 199-இல் மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்கைப் பலகையோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் குற்றவாளி. மிகக் குறைந்த செலவில் முடிகிற வேலை. கூகுள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதனையில் முதல் பிழை தோன்றிய டிஸ்க், பிழையே இல்லாத டிஸ்கைவிட அடுத்த 60 நாளில் பழுதாக 39 மடங்கு வாய்ப்புள்ளதாக இருந்தது. அதே ஆய்வில், பழுதான டிஸ்குகளில் 36 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, வெப்பநிலை நீங்கலாக வேறு எந்த ஸ்மார்ட் எச்சரிக்கையும் தராமலேயே போயின. ஆக, ஸ்மார்ட் கெட்டது என்று சொன்னால் நம்பலாம்; நல்லது என்று சொன்னால் நகலெடுப்பதை நிறுத்திவிடக் கூடாது.

வெப்பத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தலைமுறை ப்ராசசர்கள் சுமார் 100 டிகிரியை எட்டியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். கூலரின் நான்கு அழுத்து முளைகளில் ஒன்று தளர்ந்திருப்பதும், தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருப்பதும் வழக்கமான காரணங்கள். ஓர் ஞாயிற்றுக்கிழமை வேலை.

மேற்கண்ட எல்லாம் தேறிய பிறகும் கோளாறு தொடர்ந்தால்தான் மதர்போர்டின் முறை வருகிறது. அதைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து, அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, ப்ராசசர், ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ். மட்டும் இணைத்துத் தொடங்கிப் பார்க்க வேண்டும். அப்படி நன்றாக ஓடினால், கேபினெட்டின் முன்பக்க யு.எஸ்.பி. இணைப்போ, பலகைக்கு அடியில் கிடக்கும் ஒரு தளர்ந்த திருகோ ஷார்ட் ஆக்கிக்கொண்டிருந்திருக்கலாம். ஓடாவிட்டால், பலகை என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். ப்ராசசர் தானாகக் கெடுவது இந்த வரிசையில் மிக அரிதானது. கடையில் முதலில் சொல்லப்பட்ட தீர்ப்பு, முறைப்படி பார்த்தால் கடைசியில் சொல்ல வேண்டிய தீர்ப்பு.

இரவல் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் என் கணினி ஆறு வாரம் ஒருமுறைகூட நிற்காமல் ஓடியது. "போய்விட்டது" என்று சொல்லப்பட்ட மதர்போர்டில்தான் ஓடியது. கழற்றி வைத்திருந்த பழைய ராமை மெம்டெஸ்ட்டில் வைத்தபோது ஒரு பிழையும் இல்லை. பழைய டிஸ்க் உண்மையாகவே கெட்டிருந்தது. ஆனால் அதை முதலில் வருத்தியது எது என்பதை இனி நிரூபிக்க வழியில்லை.

வேர் தெரிந்தபின் ஒப்பிடுதல்

இப்போதுதான் வழிகளை ஒன்றுக்கொன்று எதிரில் வைக்க முடியும். பழுது எஸ்.எம்.பி.எஸ்.ஸிலோ டிஸ்கிலோ இருந்தால் தயங்காமல் மாற்றிவிடலாம், அதுவும் நல்லதாகவே. சான்று பெற்ற ஒரு 450 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட்டோடு வரும் ஒன்றைவிடச் சில மடங்கு விலை கூடுதல் என்றாலும், நீண்ட உத்தரவாதத்தோடு வருகிறது. இந்தக் கணினி போனாலும் அடுத்த அசெம்பிள்டு கணினியில் அதை மாட்டிக்கொள்ளலாம். சுழலும் தட்டு இல்லாத டிஸ்கான சாட்டா எஸ்.எஸ்.டி.யும் அப்படியே. டி.டி.ஆர்.-3 ராமுக்கு அந்தத் தகுதி இல்லை. அடுத்து வாங்கும் எந்தப் பலகையிலும் அது பொருந்தாது. ஆகவே இரண்டில் ஒரு ராம் கெட்டிருந்தால், மற்றதை வைத்தே ஓட்டிவிடலாமா என்று பார்ப்பதும், பழைய ராமைச் சிறு விலைக்கு வாங்குவதும்தான் பொருத்தம், 16 ஜி.பி.க்கு உயர்த்துவது இந்த வயதில் தேவையற்ற செலவு.

மதர்போர்டு என்று உறுதியானால் கதை மாறுகிறது. சிப் லெவல் சர்வீசில் திறமையானவர்கள் இருக்கிறார்கள். உப்பிய கெப்பாசிட்டரையோ எரிந்த மாஸ்ஃபெட்டையோ கச்சிதமாக மாற்றித் தருவார்கள். ஆனால் அதே வெப்பத்தில் அதே ஆண்டுகளைக் கழித்த மற்ற உறுப்புகள் அப்படியே இருக்கும். மாற்றப்பட்டது ஒன்றிரண்டு மட்டுமே. அவர்கள் தரும் உத்தரவாதமும் பெரும்பாலும் மாதக் கணக்கைத் தாண்டுவதில்லை. பழைய சந்தையில் கிடைக்கும் இதே சாக்கெட் பலகைகளோ, நம்முடையதைப் போன்ற இன்னொரு முதிய கணினியிலிருந்து கழற்றியவை. அவற்றின் வரலாறு விற்பவருக்கே தெரியாது. அதிகம் கேள்விப்படாத பெயர்களில் புதிதாகச் செய்து விற்கப்படும் எச்-81 பலகைகளுக்கு உத்தரவாதம் உண்டு என்பதால், இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்றால் நான் அதைத் தேர்வேன். தேர்ந்தே ஆகவேண்டிய நிலை சிலருக்கு உண்டு. தமிழ் அச்சகங்களிலும் டி.டி.பி. மையங்களிலும் இன்றும் பேஜ்மேக்கர் கோப்புகளும், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களும், பேரலல் போர்ட்டில் செருகும் பூட்டுடன் வந்த மென்பொருள்களும் புழக்கத்தில் இருக்கின்றன. அந்தப் பூட்டு இல்லாமல் இருபதாண்டுப் பதிப்பு வேலையைத் திறக்க முடியாதவருக்கு, பழைய பலகையை உயிரோடு வைத்திருப்பது நியாயமான செலவு. பூட்டு ஏதும் இல்லாதவர்கள், பழைய விண்டோஸைப் புதிய கணினிக்குள் மெய்நிகர் கணினியாக நிறுவி அதே கோப்புகளைத் திறக்கலாம்; நான் அப்படித்தான் திறக்கிறேன்.

மற்றவர்களுக்கு, பலகை போனபின் பழைய கணினியோடு போராடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வன்பொருளுக்கு வெளியேயும் ஒரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. இன்டெல் ப்ராசசர்களில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே விண்டோஸ் 11-க்கு முறைப்படி ஏற்கப்படுகின்றன. நான்காம் தலைமுறைக் கணினியை லினக்ஸில் பாதுகாப்பாக ஓட்டலாம், அது நல்ல வழியே. ஆனால் வங்கி வேலையும் வரித்தாக்கலும் விண்டோஸில்தான் என்றிருப்பவர், பலகைக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயையும் இந்தத் தேதியோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரீஃபர்பிஷ்டு கணினிக்கும் புதியதற்கும் இடையே முடிவு செய்வது முன்பு எளிதாக இருந்தது. 2025-இன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியதால், ராமும் சேர்ந்தே வரும் ரீஃபர்பிஷ்டு கணினியின் பக்கம் தராசு சற்றுச் சாய்ந்திருக்கிறது. அதில் இரண்டு எச்சரிக்கைகள். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றை வாங்கினால் விண்டோஸ் சிக்கல் அப்படியே தொடரும். இரண்டாவது, டெல், எச்.பி., லெனோவா ஆகியவற்றின் அலுவலகக் கணினிகள் பலவற்றில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் அளவும் இணைப்பானும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. நாம் ஆசையாக வாங்கிய நல்ல எஸ்.எம்.பி.எஸ். அங்கே மாட்டாது, அது கெட்டால் அதே வகையைத் தேடி அலைய வேண்டும். வாங்குமுன் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைப் பதிவேட்டில் பார்ப்பதும், கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸில் முந்தைய அலுவலகத்தின் கடவுச்சொல் பூட்டு இல்லை என்று உறுதி செய்வதும் அவசியம். நாள் முழுதும் கணினியை நம்பிப் பிழைப்பவர், மூன்றாண்டு உத்தரவாதமுள்ள புதிய கணினியையே வாங்கலாம். வாங்கும்போது கேபினெட்டோடு வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஏற்காமல் தனியாக ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும், 2014-இல் நான் கேட்கத் தவறியது அதைத்தான்.

என் கணினிக்கு ஐந்தாண்டு உத்தரவாதமுள்ள ஓர் எஸ்.எம்.பி.எஸ்.ஸும், புதிய டிஸ்க்குக்குத் துணையாக ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி.யும் வாங்கினேன். வங்கி வேலையை வீட்டிலுள்ள வேறொரு கணினிக்கு மாற்றிவிட்டு, இதில் லினக்ஸ் ஏற்றியிருக்கிறேன். நோட்டுப் புத்தகம் மேசையிலேயே இருக்கிறது. அதில் மதர்போர்டைக் காட்டும் முதல் பதிவு விழும் நாளில், இவை இரண்டையும் கழற்றிக்கொண்டு பலகையை மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுவேன்.